தனிப்பயன் எடிட்டரை ஜாவாஸ்கிரிப்ட் செயலியில் இணைத்தல்: தொடக்கநிலையாளர்களுக்கான வழிகாட்டி

தடித்த எழுத்து, தலைப்பு, பட்டியல், அட்டவணை, படம் என்று வடிவமைப்போடு எழுத உதவும் எடிட்டர் ஒன்றை வலைச்செயலியில் வைக்கவேண்டிய தேவை பெரும்பாலான திட்டங்களில் வந்துவிடுகிறது. ஆயத்த எடிட்டர் ஒன்றை நிறுவி அப்படியே பயன்படுத்துவதாக இருந்தால் அதன் ஆவணத்தின் முதல் பக்கமே போதும். தேவையான செருகுநிரல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, சிலவற்றை நாமே எழுதிச் சேர்த்து, தனியாக பில்ட் செய்துவைத்த (பயன்பாட்டுக்குரிய இறுதிக் கோப்புகளாகத் தொகுத்துவைத்த) எடிட்டரைச் செயலிக்குள் இறக்குமதி செய்ய முயலும்போதுதான் புதியவர்கள் திணறுகிறார்கள். தனியே திறந்தால் அந்த எடிட்டர் ஒழுங்காக வேலை செய்யும். செயலிக்குள் வைத்தவுடன் கருவிப்பட்டை இரண்டாகத் தெரியும், அல்லது பக்கமே வெறுமையாகிவிடும், அல்லது பொருள் விளங்காத பிழைச்செய்தி ஒன்று கன்சோலில் வந்து நிற்கும்.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை இரண்டு காரணங்களிலிருந்து பிறக்கின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். எடிட்டரின் கருநிரல் (அதன் அடிப்படை நிரல்) ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாகச் செயலிக்குள் ஏறிவிடுவது முதற்காரணம். எடிட்டரின் உள்விவகாரங்களில் செயலி கைவைப்பது இரண்டாவது காரணம். கருநிரல் ஒரே பிரதியாக இருக்கவேண்டும், செயலியும் எடிட்டரும் ஒரே வாசல் வழியாக மட்டும் பேசிக்கொள்ளவேண்டும் என்ற இரண்டையும் மனத்தில் வைத்தே கீழுள்ள படிகளை வகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருப்பதால், தட்டச்சிடும்போது அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும்.

எடிட்டருக்குள் நடப்பது என்ன

படிகளுக்குப் போகுமுன் இதைச் சற்றுப் புரிந்துகொள்வது பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். உலாவியில் ஓர் உறுப்பை நேரடியாகத் திருத்தக்கூடியதாக மாற்றும் 'கன்டென்ட்எடிட்டபிள்' பண்பு 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5இல் அறிமுகமானது. அதோடு 'எக்ஸெக்கமாண்ட்' என்ற செயற்கூற்றைச் சேர்த்து அழைத்தால் தேர்ந்தெடுத்த சொல் தடித்துவிடும். ஆனால் ஒவ்வோர் உலாவியும் தனக்குத் தோன்றிய எச்டிஎம்எல்லை உருவாக்கியது. என்டர் விசையை அழுத்தினால் ஒன்று புதிய பத்தியை இட்டது, இன்னொன்று 'டிவ்' உறுப்பை இட்டது, மற்றொன்று வெறும் வரிமுறிவை இட்டது. எக்ஸெக்கமாண்ட் இன்று கைவிடப்பட்ட அம்சமாகவே வகைப்படுத்தப்பட்டுள்ளது.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் புரோஸ்மிரர், ஸ்லேட், லெக்ஸிக்கல், குவில், சிகேஎடிட்டர் 5 போன்ற எடிட்டர் எஞ்சின்கள் (எடிட்டரைக் கட்டுவதற்கான அடிப்படை நிரல்கள்) ஆவணத்தின் உண்மையான வடிவத்தைத் தங்கள் நினைவில் தனி மாதிரியாக வைத்துக்கொள்கின்றன. திரையில் தெரிவது அந்த மாதிரியின் பிம்பம். பயனர் ஓர் எழுத்தைத் தட்டினால் எடிட்டர் அதை ஒரு மாற்றமாகப் பதிவுசெய்து, மாதிரியைப் புதுப்பித்து, பிறகு திரையைச் சரிசெய்கிறது. எனவே வெளியிலிருந்து நாம் திரையிலுள்ள உறுப்பை நேரடியாக மாற்றினால், அந்த மாற்றத்தை எடிட்டர் துடைத்தெறியும், அல்லது தவறாகப் புரிந்துகொண்டு ஆவணத்தையே குலைத்துவிடும். மாதிரியிலுள்ள ஒவ்வொரு கணுவும் ஏதோ ஒரு கிளாஸின் (பொருள்களை வார்க்கும் அச்சின்) உருப்படி என்பதையும் நினைவில் வையுங்கள். இது பின்னால் பெரிதும் உதவும்.

எஞ்சினும் உரிமமும்

எந்த எஞ்சினின் மேல் நம் எடிட்டரைக் கட்டுவது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே ஒன்றை மட்டும் சொல்லவேண்டும்: உரிமத்தைத் தொடக்கத்திலேயே பாருங்கள். புரோஸ்மிரர், ஸ்லேட், லெக்ஸிக்கல் மூன்றும் எம்ஐடி உரிமத்தில் வருகின்றன. குவில் பிஎஸ்டி உரிமத்தில் வருகிறது. சிகேஎடிட்டர் 5 ஜிபிஎல் உரிமத்திலோ வணிக உரிமத்திலோ கிடைக்கிறது. மூலநிரலை வெளியிட விரும்பாத ஒரு தயாரிப்பில் ஜிபிஎல் நிரலைச் சேர்த்துவிட்டுப் பிறகு பிரித்தெடுப்பது மிகுந்த சிரமம் தரும் வேலை.

சிகேஎடிட்டரைத் தேர்ந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முன்பு அதன் இணையக் கருவியில் செருகுநிரல்களைத் தேர்ந்து, ஒரு பில்டைப் பதிவிறக்கி, செயலிக்குள் வைப்பதே வழக்கம். 2024இல் வந்த 42ஆம் பதிப்பிலிருந்து, ஒரே பேக்கேஜை (நிறுவக்கூடிய நிரல் தொகுப்பை) நிறுவி அதிலிருந்து வேண்டிய செருகுநிரல்களை நேரடியாக இறக்குமதி செய்யும் முறை அறிமுகமாகிவிட்டது. பழைய முறையை விளக்கும் பாடங்கள் இன்னும் ஏராளமாக இருப்பதால், ஒரு பாடத்தைப் பின்பற்றுமுன் அது எந்தப் பதிப்பைப் பற்றியது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு முறைகளையும் பாதிப்பாதியாகக் கலப்பது உறுதியாகத் தோல்வியில்தான் முடியும்.

முதல் படி: எடிட்டரைத் தனிப் பேக்கேஜாக ஒழுங்குபடுத்துதல்

எடிட்டரின் நிரலைச் செயலியின் கோப்புகளோடு கலந்து வைக்காதீர்கள். திட்டத்தின் வேர்க் கோப்புறைக்குள் 'பேக்கேஜஸ்' என்றொரு கோப்புறையும், அதற்குள் 'எடிட்டர்' என்றொரு கோப்புறையும் உருவாக்கி, அங்கே அதற்கென்று தனியாக ஒரு 'பேக்கேஜ் டாட் ஜேசன்' கோப்பை வையுங்கள். அதில் பேக்கேஜின் பெயரும் பதிப்பெண்ணும் இருக்கவேண்டும். 'டைப்' என்ற புலத்தில் 'மாட்யூல்' என்று குறிப்பிட்டால், கோப்புகள் ஈஎஸ் மாட்யூல்களாகக் கருதப்படும். 2015ஆம் ஆண்டின் ஈசிஎம்ஏஸ்கிரிப்ட் தரநிலையில் வந்த இந்த மாட்யூல் முறையையே புதிய எடிட்டருக்குப் பயன்படுத்துங்கள். பழைய காமன்ஜேஎஸ் வடிவத்திற்கு உறுதியான தேவை இருந்தால் ஒழிய அதைச் சேர்க்க வேண்டியதில்லை.

அடுத்து 'எக்ஸ்போர்ட்ஸ்' புலம். பேக்கேஜுக்குள்ளிருந்து எந்தெந்தக் கோப்புகளை வெளியார் எடுக்கலாம் என்பதை இது வரையறுக்கிறது. இந்தப் புலம் இருந்துவிட்டால், அதில் பட்டியலிடாத எந்தப் பாதையையும் செயலி இறக்குமதி செய்ய முடியாது. நிரலின் நுழைவுக் கோப்பை மட்டும் எழுதிவிட்டு சிஎஸ்எஸ் கோப்பை மறந்துவிடுவது மிகப் பரவலான தவறு. கோப்பு கண்ணெதிரே கோப்புறையில் இருக்கும். கோப்புகளை ஒன்றாகத் தொகுக்கும் கருவியான பண்ட்லரோ அந்தப் பாதை வெளியிடப்படவில்லை என்று சொல்லும். நுழைவுக் கோப்பு, சிஎஸ்எஸ் கோப்பு, டைப்ஸ்கிரிப்ட் பயன்படுத்துவோருக்கான வகை வரையறைகள் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுவிடுங்கள்.

பில்ட் செய்வதற்கு வீட் பண்ட்லரின் லைப்ரரி முறையோ ரோல்அப் கருவியோ போதுமானது. இங்கே எடுக்கவேண்டிய முக்கியமான முடிவு, எஞ்சினின் கருநிரலை நம் பில்டுக்குள் சேர்ப்பதா, வெளியே விடுவதா என்பது. செயலியில் வேறு எங்கும் அந்த எஞ்சினைத் தொடப்போவதில்லை என்றால் உள்ளேயே சேர்த்துவிடலாம். செயலியும் அதே எஞ்சினிலிருந்து ஏதாவது இறக்குமதி செய்யும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும், ரோல்அப் அமைப்பில் அதை 'எக்ஸ்டர்னல்' என்று குறித்து வெளியே விட்டு, பேக்கேஜ் டாட் ஜேசனில் 'பியர் டிபென்டன்சி'யாக (செயலியே நிறுவித் தரவேண்டிய சார்பாக) அறிவியுங்கள். ரியாக்ட், வியூ போன்ற கட்டமைப்புகளை எடிட்டர் பயன்படுத்தினால் அவற்றையும் தவறாமல் வெளியே விடவேண்டும்.

இரண்டாம் படி: செயலியில் நிறுவுதல்

மூன்று வழிகள் உள்ளன. செயலியின் கோப்புறையில் நின்றுகொண்டு பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளைக்குப் பின் எடிட்டர் கோப்புறையின் பாதையைக் கொடுப்பது எளிய வழி. இப்படிச் செய்தால் என்பிஎம் கோப்புகளை நகலெடுக்காது. 'நோட் மாட்யூல்ஸ்' கோப்புறைக்குள் ஒரு குறியீட்டு இணைப்பை (அசல் கோப்புறையைச் சுட்டும் குறுக்குவழியை) மட்டும் வைக்கும். எடிட்டரை மறுபடி பில்ட் செய்தால் மாற்றம் உடனே செயலிக்குத் தெரியும் என்பது இதன் வசதி. ஆனால் எடிட்டர் கோப்புறை திட்டத்தின் வேருக்கு வெளியே இருந்தால், அதற்குத் தேவையான பேக்கேஜ்களை என்பிஎம் நமக்காக நிறுவித் தராது. நாமே அங்கே போய் நிறுவவேண்டியிருக்கும். அடுத்த பகுதியில் சொல்லப்போகும் தொல்லைக்கு அதுவே வழிவகுக்கும்.

என்பிஎம் 7 முதல் கிடைக்கும் 'வொர்க்ஸ்பேசஸ்' அமைப்பு இரண்டாவது வழி. வேரிலுள்ள பேக்கேஜ் டாட் ஜேசனில் செயலி, எடிட்டர் ஆகிய இரண்டின் கோப்புறைகளையும் குறிப்பிட்டுவிட்டு ஒருமுறை நிறுவினால், பதிப்புகள் ஒத்துப்போகும் வரை பொதுவான பேக்கேஜ்கள் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் அமையும். செயலியும் எடிட்டரும் ஒரே களஞ்சியத்தில் இருந்தால் இதையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது வழி, எடிட்டர் கோப்புறையில் 'என்பிஎம் பேக்' கட்டளையை இட்டு, கிடைக்கும் சுருக்கக் கோப்பைச் செயலியில் நிறுவுவது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் திரும்பச் செய்யவேண்டும் என்பதால் அன்றாட வேலைக்கு இது ஒத்துவராது. ஆனால் பதிவகத்தில் வெளியிட்டு நிறுவினால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும் என்பதால், வெளியீட்டுக்கு முன் ஒருமுறையாவது இவ்வழியில் சோதித்துப் பாருங்கள். 'ஃபைல்ஸ்' புலத்தில் எதையாவது சேர்க்க மறந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

இரட்டைப் பிரதி என்னும் தொல்லை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். என் முதல் தனிப்பயன் எடிட்டரை இணைத்தபோது இரண்டு நாள்கள் இதில்தான் கழிந்தன. நிரலில் ஒரு தவறும் இல்லை. ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தும் விடை கிடைக்கவில்லை. ஏனென்றால் தவறு வரிகளில் இல்லை, நிறுவப்பட்ட விதத்தில் இருந்தது.

எடிட்டரின் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையில் எஞ்சினின் ஒரு பிரதி இருக்கிறது, செயலியின் நோட் மாட்யூல்ஸ் கோப்புறையில் இன்னொரு பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீட்டு இணைப்பு வழியாக எடிட்டரைத் தேடிச்செல்லும் பண்ட்லர், அதன் உண்மையான இருப்பிடத்திற்குப் போய் அங்குள்ள பிரதியை எடுக்கும். செயலியின் நிரலிலிருந்து நேரடியாக எஞ்சினை இறக்குமதி செய்யும்போது செயலியிலுள்ள பிரதியை எடுக்கும். இரண்டும் ஒரே பதிப்பாகவே இருக்கலாம்; ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் பார்வையில் அவை வெவ்வேறு கிளாஸ்கள். ஒரு பிரதியில் உருவான கணு இன்னொரு பிரதியிடம் போகும்போது, 'இது என் கிளாஸின் உருப்படியா' என்று 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' வழியாகக் கேட்கப்படும் கேள்விக்கு இல்லை என்ற விடையே கிடைக்கும். அதன்பின் எதுவும் ஒழுங்காக நடக்காது.

எஞ்சின்களை உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் சிகேஎடிட்டர், மாட்யூல்கள் இரட்டித்துள்ளன என்று வெளிப்படையாகப் பிழை காட்டி நின்றுவிடுகிறது. புரோஸ்மிரரும், அதன் மாடல் பேக்கேஜின் பல பதிப்புகள் ஏற்றப்பட்டிருப்பதாகத் தெரிகிறது என்று பிழைச்செய்தியிலேயே ஊகம் சொல்கிறது. ரியாக்டில் இதே நோய் 'இன்வேலிட் ஹூக் கால்' என்ற பெயரில் வெளிப்படும். இத்தகைய செய்திகளில் எதைக் கண்டாலும் உங்கள் நிரலைத் திருத்தத் தொடங்காதீர்கள். 'என்பிஎம் எல்எஸ்' கட்டளையோடு எஞ்சினின் கருப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எத்தனை பிரதிகள், யாருக்குக் கீழே இருக்கின்றன என்பது மரமாக விரியும். வேருக்கு வெளியே கோப்புறை இருந்தால் எடிட்டருக்குள்ளும் போய் அதே கட்டளையை இட்டுப் பார்க்கவேண்டும்.

தீர்வைப் பின்வரும் வரிசையில் முயலவேண்டும். முதலில் இரண்டு இடங்களிலும் எஞ்சினின் பதிப்பெண்ணை ஒன்றாக்குங்கள். பிறகு 'என்பிஎம் டீடியூப்' கட்டளையை இடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், வீட் அமைப்பில் 'ரிசால்வ்' பகுதியிலுள்ள 'டீடியூப்' பட்டியலில் அந்தப் பேக்கேஜின் பெயரைச் சேருங்கள். வெப்பேக்கில் 'ஏலியஸ்' மூலம் அந்தப் பெயரைச் செயலியிலுள்ள பிரதிக்கே திருப்பிவிடலாம். ஏற்கெனவே பில்டுக்குள் அடைபட்டுவிட்ட பிரதியை இவற்றில் எதுவும் வெளியே எடுக்காது. அப்படியானால் முதல் படிக்குத் திரும்பிப்போய் எக்ஸ்டர்னல் அமைப்பைச் சரிசெய்து மறுபடி பில்ட் செய்வது ஒன்றே வழி.

மூன்றாம் படி: இறக்குமதி வரி

இறக்குமதி வரியில் நடக்கும் பிழை பெரும்பாலும் சுருள் அடைப்புக்குறி பற்றியதாக இருக்கும். எடிட்டர் இயல்பு ஏற்றுமதியாக வெளியிடப்பட்டிருந்தால் பெயரை அடைப்பின்றி எழுதவேண்டும். பெயரிட்ட ஏற்றுமதியாக இருந்தால் சுருள் அடைப்புக்குள் எழுதவேண்டும். மாற்றி எழுதினால் வெற்றுமதிப்போ, 'கன்ஸ்ட்ரக்டர் அல்ல' என்ற பிழையோ கிடைக்கும். பழைய யூஎம்டி (ஸ்கிரிப்ட் குறியொட்டிலும் ஏற்றக்கூடிய மாட்யூல் வடிவம்) பில்டாக இருந்தால், ஸ்கிரிப்ட் குறியொட்டு வழியாக ஏற்றும்போது உலாவியின் 'விண்டோ' பொருளில் உலகளாவிய பெயராக அமரும். அங்கே இறக்குமதி வரியே தேவையில்லை. எதிர்பார்த்தது வரவில்லை என்றால், இறக்குமதி செய்ததை முழுவதுமாகக் கன்சோலில் அச்சிட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை.

வீட் பயன்படுத்துவோர் ஒன்றை அறிந்திருக்கவேண்டும். அது சார்பு பேக்கேஜ்களை முன்கூட்டியே பண்டில் செய்து சேமித்துவைக்கும். எடிட்டரை மாற்றி நிறுவிய பிறகும் பழைய நடத்தையே தெரிந்தால், 'ஃபோர்ஸ்' என்ற தேர்வோடு மறுபடி தொடங்குங்கள். குறியீட்டு இணைப்பாக நிறுவப்பட்ட பேக்கேஜை வீட் முன்கூட்டியே பண்டில் செய்யாது என்பதால், அந்தப் பேக்கேஜ் ஈஎஸ் மாட்யூலாக இருந்தாக வேண்டும்.

நான்காம் படி: ஒரே வாசல்

செயலியின் எந்தக் கம்போனன்டும் (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் நிரல் துண்டும்) எடிட்டர் பேக்கேஜை நேரடியாக இறக்குமதி செய்யக்கூடாது. இடையில் ஒரு கோப்பை வைத்து, அதில் நான்கு செயற்கூறுகளை மட்டும் எழுதுங்கள்: எடிட்டரை ஓர் உறுப்பில் உருவாக்குவது, உள்ளடக்கத்தை இடுவது, உள்ளடக்கத்தை எடுப்பது, எடிட்டரை அழிப்பது. மாற்றம் நேரும்போது அறிவிக்கும் வசதி தேவைப்படும் என்பதால், உருவாக்கும்போதே ஒரு கால்பேக்கையும் (எடிட்டர் திரும்ப அழைக்கவேண்டிய செயற்கூற்றையும்) பெற்றுக்கொள்ளலாம். இவ்வளவும் ஐம்பது அறுபது வரிகளில் அடங்கிவிடும். நாளை எஞ்சினையே மாற்றினாலும் திருத்தவேண்டியது இந்த ஒரு கோப்பாகத்தான் இருக்கும்.

உருவாக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. எடிட்டர் உட்காரப்போகும் உறுப்பு திரையில் இருக்கவேண்டும். இல்லையென்றால் வெற்றுமதிப்பின் மேல் எடிட்டரைக் கட்ட முயன்று பிழை வரும். பல எடிட்டர்களில் உருவாக்கும் செயற்கூறு உடனே எடிட்டரைத் தராமல் ஒரு பிராமிஸை (பின்னர் விளைவைத் தருவதாக உறுதிசொல்லும் பொருளை) தருகிறது. அந்தப் பிராமிஸ் நிறைவேறுவதற்குள் பயனர் வேறு பக்கத்திற்குப் போய்விடலாம் என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை.

ரியாக்டில் 'யூஸ்ரெஃப்' மூலம் உறுப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு, 'யூஸ்எஃபெக்ட்' உள்ளே எடிட்டரை உருவாக்கி, அது திருப்பித்தரும் துப்புரவுச் செயற்கூற்றில் அழிக்கவேண்டும். ரியாக்ட் 18இலிருந்து, ஸ்ட்ரிக்ட்மோட் இயங்கும்போது, வளர்ச்சிச் சூழலில் ஒவ்வொரு கம்போனன்டும் ஒருமுறை ஏற்றப்பட்டு, இறக்கப்பட்டு, மறுபடி ஏற்றப்படுகிறது. கருவிப்பட்டை இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. சிலர் ஸ்ட்ரிக்ட்மோடை நீக்கிவிட்டுத் தப்பிக்கிறார்கள். நோயைக் காட்டிக்கொடுத்த கருவியை அகற்றுவதால் நோய் போய்விடாது. பக்கத்திலிருந்து பக்கத்திற்குப் போய்வரும் பயனரிடம் அதே தவறு நினைவகக் கசிவாக வெளிப்படும். எஃபெக்டுக்குள் 'ரத்தாகிவிட்டதா' என்ற மாறி ஒன்றை வைத்து, துப்புரவு ஓடும்போது அதை உண்மையாக்குங்கள். பிராமிஸ் நிறைவேறும் இடத்தில் அதைச் சோதித்து, ரத்தாகியிருந்தால் புதிதாகப் பிறந்த எடிட்டரை அங்கேயே அழித்துவிடுங்கள்.

வியூ 3இல் வேறொரு பொறி காத்திருக்கிறது. எடிட்டர் பொருளைச் சாதாரண 'ரெஃப்' உள்ளே வைத்தால், வியூ அதன் உள்ளடுக்குகள் அனைத்தையும் பிராக்ஸியால் (அசலுக்கும் வெளியாருக்கும் இடையே நிற்கும் பொருளால்) போர்த்திவிடும். எடிட்டர் தன் நிலையைத் தானே ஒப்பிட்டுப் பார்க்கும்போது அசலும் பிராக்ஸியும் வேறுவேறாகத் தோன்றுவதால், பொருந்தாத மாற்றம் என்ற பிழை புரோஸ்மிரர் வகை எடிட்டர்களில் எழும். 'ஷாலோரெஃப்' அல்லது 'மார்க்ரா' பயன்படுத்தினால் இது தீரும். உருவாக்குவதை 'ஆன்மவுண்டட்' நிகழ்விலும், அழிப்பதை 'ஆன்பிஃபோர்அன்மவுண்ட்' நிகழ்விலும் வைக்கவேண்டும்.

சர்வரிலேயே பக்கத்தை உருவாக்கும் கட்டமைப்புகளில், 'விண்டோ' அல்லது 'டாக்குமென்ட்' வரையறுக்கப்படவில்லை என்ற பிழை வரும். சர்வரில் உலாவி இல்லை. எடிட்டரோ ஏற்றப்பட்ட நொடியிலேயே உலாவியைத் தேடுகிறது. எடிட்டரை டைனமிக் இறக்குமதியாக மாற்றி, உலாவியில் ஏறிய பிறகே அழைப்பது இதற்குத் தீர்வு. நெக்ஸ்ட் கட்டமைப்பில் 'டைனமிக்' செயற்கூற்றோடு எஸ்எஸ்ஆர் (சர்வர் உருவாக்கம்) தேர்வை அணைத்துப் பயன்படுத்தலாம். அந்த அழைப்பு கிளையன்ட் கம்போனன்டுக்குள் இருக்கவேண்டும். டைனமிக் இறக்குமதியால் எடிட்டரின் கனமான நிரல் தனித் துண்டாகப் பிரிந்து, தேவைப்படும் பக்கத்தில் மட்டும் இறங்கும் என்பதால், சர்வர் உருவாக்கம் இல்லாத செயலிகளிலும் இதையே செய்வது நல்லது.

ஐந்தாம் படி: தோற்றம்

எடிட்டரின் சிஎஸ்எஸ் கோப்பைத் தனியாக இறக்குமதி செய்யவேண்டுமா என்று பாருங்கள். பொத்தான்கள் கலைந்து கிடந்தால் அது விடுபட்டிருக்கிறது என்று பொருள். எடிட்டருக்குள் தலைப்புகள் சாதாரண எழுத்தாகவும், பட்டியல்கள் புள்ளியின்றியும் தெரிந்தால் காரணம் வேறு. டெய்ல்விண்ட் போன்றவற்றின் தொடக்க மீட்டமைப்பு விதிகள், தலைப்பின் அளவையும் பட்டியலின் புள்ளியையும் நீக்கிவிடுகின்றன. உள்ளடக்கத்தைச் சுற்றியுள்ள உறுப்புக்கு ஒரு கிளாஸ் பெயர் கொடுத்து, அதற்குள் மட்டும் செல்லும் விதிகளாக இவற்றைத் திரும்ப எழுதுங்கள். அதே கிளாஸை, சேமித்த கட்டுரையைக் காட்டும் பக்கத்திலும் பயன்படுத்தினால், எழுதும்போது தெரிவதும் படிக்கும்போது தெரிவதும் ஒன்றாக அமையும்.

இணைப்பு முகவரி இடும் சிறு பெட்டி போன்றவற்றைப் பல எடிட்டர்கள் பக்கத்தின் 'பாடி' உறுப்பின் இறுதியில் ஒட்டுகின்றன. மேலெழும் சாளரத்திற்குள் எடிட்டரை வைத்தால் இந்தப் பெட்டிகள் பின்னால் மறைந்துபோவதற்கு அதுவே காரணம். 'இசட்இண்டெக்ஸ்' மதிப்பை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகும்.

ஆறாம் படி: உள்ளடக்கம் போகும் வழி, வரும் வழி

சாதாரண உள்ளீட்டுப் பெட்டியைப் போல, ஒவ்வொரு விசையழுத்தத்திற்கும் மதிப்பைச் செயலியின் நிலைக்கு எடுத்து, உடனே திரும்ப எடிட்டருக்குள் இடும் பழக்கம் இங்கே உதவாது. முழு உள்ளடக்கத்தையும் மீண்டும் இடும்போது கர்சர் தொடக்கத்திற்கோ இறுதிக்கோ தாவலாம். செயல்தவிர்ப்பு வரலாறும் குலையலாம். தொடக்க உள்ளடக்கத்தை ஒருமுறை கொடுங்கள். பிறகு எடிட்டரே உரிமையாளராக இருக்கட்டும். பயனர் தட்டுவதை நிறுத்தி ஒரு நொடி ஆனபின் சேமிக்கும்படி அமைத்தால், சர்வருக்கும் சுமை குறையும்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். பல தட்டச்சுக் கருவிகளில் ஓர் எழுத்து உருவாகி முடியும்வரை உலாவி அதை 'கம்போசிஷன்' நிலையில் வைத்திருக்கும். அந்த இடைவெளியில் வெளியிலிருந்து உள்ளடக்கத்தை மாற்றினால் எழுத்துகள் இரட்டிக்கும் அல்லது விழுந்துவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாமலே போகும். எழுத்தெண்ணிக்கை காட்டும் வசதியிலும் கவனம் தேவை: 'தமிழ்' என்ற சொல்லின் 'லெங்த்' மதிப்பு 5 என்றே ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும், நம் கண்ணுக்கோ அதில் மூன்று எழுத்துகள்தாம். ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள 'இன்ட்ல் செக்மென்டர்' வசதி சரியாக மூன்று என்று எண்ணித்தரும். 2024இல் ஃபயர்ஃபாக்ஸ் 125ஆம் பதிப்பும் இதை ஏற்றுக்கொண்டதால் முதன்மை உலாவிகள் அனைத்திலும் இப்போது பயன்படுத்தலாம்.

எச்டிஎம்எல்லாகச் சேமிப்பதா, எடிட்டரின் ஜேசன் வடிவில் சேமிப்பதா என்ற கேள்வி எழும். வேறு இடங்களிலும் எளிதாகக் காட்டவேண்டுமானால் எச்டிஎம்எல் ஏற்றது. கட்டமைப்பு சிதையாமல் பின்னாளில் திரும்பத் திருத்தவேண்டுமானால் ஜேசன் நல்லது. எதைத் தேர்ந்தாலும், வந்துசேரும் எச்டிஎம்எல்லைச் சர்வரில் சுத்திகரிக்காமல் நம்பாதீர்கள். எடிட்டர் ஸ்கிரிப்ட் குறியொட்டுகளை அனுமதிக்காது என்பது பாதுகாப்பு ஆகாது, ஏனென்றால் தாக்க நினைப்பவர் எடிட்டரைத் திறக்கவே மாட்டார். உங்கள் ஏபிஐ முகவரிக்கு நேரடியாக அனுப்புவார். எந்தக் குறியொட்டுகளும் பண்புகளும் அனுமதிக்கப்படும் என்ற பட்டியலைச் சர்வரில் வைத்து, மற்றவற்றை நீக்குங்கள். உலாவியில் காட்டும் இடத்தில் டாம்ப்யூரிஃபை போன்ற சுத்திகரிப்பு நிரலையும் பயன்படுத்தலாம். நீங்களே எழுதிய செருகுநிரல் புதிய பண்பு ஒன்றைச் சேர்த்தால், அதை இந்தப் பட்டியலிலும் சேர்க்க மறவாதீர்கள். இல்லையென்றால் சேமித்துத் திறக்கும்போது அது காணாமல் போயிருக்கும்.

படங்களை பேஸ்64 வடிவில் உள்ளடக்கத்திற்குள்ளேயே திணிக்கும் எடிட்டர்களும் உண்டு. அந்த வடிவத்தில் படத்தின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடுவதோடு, ஒவ்வொரு சேமிப்பின்போதும் முழுப் படமும் பயணிக்கும். படத்தைத் தனியே பதிவேற்றி முகவரியை மட்டும் ஆவணத்தில் வைக்கும் பதிவேற்றச் செருகுநிரலைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வெளியிடுமுன்

உங்கள் கணினியில் ஓடிய செயலி வெளியீட்டுச் சூழலில் எடிட்டரைக் காணவில்லை என்று சொன்னால், முதலில் 'கிட்இக்னோர்' கோப்பைத் திறங்கள். 'பில்ட்', 'டிஸ்ட்' என்ற பெயருடைய கோப்புறைகளைப் புறக்கணிக்கும் விதி அதில் இருப்பது வழக்கம் என்பதால், எடிட்டரின் பில்ட் களஞ்சியத்திற்குள் போகாமலே இருந்திருக்கும். பில்ட்டைக் களஞ்சியத்தில் சேர்ப்பதைவிட, வெளியீட்டுப் பணிவரிசையில் செயலிக்கு முன் எடிட்டரை பில்ட் செய்யும் கட்டளையைச் சேர்ப்பது நல்லது. கோப்புப் பெயரிலுள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் சரிபாருங்கள். விண்டோஸிலும் மேக்கிலும் பொதுவாக அது கண்டுகொள்ளப்படாது, லினக்ஸ் சர்வரில் அதுவே பிழையாகும்.

பிறகு புதிய கோப்புறை ஒன்றில் களஞ்சியத்தை முதலிலிருந்து நகலெடுத்து, 'என்பிஎம் சிஐ' கட்டளையால் நிறுவி, வெளியீட்டு பில்டை உருவாக்கி உலாவியில் திறங்கள். எடிட்டர் உள்ள பக்கத்திற்கும் வேறொரு பக்கத்திற்கும் பத்துமுறை போய்வாருங்கள். வேர்டு ஆவணத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டுங்கள். தமிழில் நான்கு வரி தட்டி, நடுவே ஒரு சொல்லைத் தடித்ததாக்கி, செயல்தவிர்ப்பை மூன்றுமுறை அழுத்தி, சேமித்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். எழுதியது எழுதியபடி திரும்பி வந்து, கன்சோலில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை என்றால் எடிட்டரைப் பயனர்களுக்குத் திறந்துவிடலாம்.